வயிற்றுக் கட்டும் நாரி உரமும்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் நம் பாடசாலை மைதானங்களுக்குத் தனியானதொரு களை வந்துவிடும். சுண்ணாம்புக் கோடுகள் வரையப்படும். பாய்தற் குழிக்கு மணல் வந்து இறங்கும். வெயில் சாயுமுன்னே மாணவர் கூடிவிடுவர். வவுனியாவுக்கு மேற்கே, மன்னார்ப் பக்கமாக அமைந்த எங்கள் செட்டிகுளத்திலும் இக்காட்சி வேறன்று. அத்தகைய ஒரு மாலையிலே, மாணவர் சிலர் மரநிழலில் நின்று, மேற்சட்டையை உயர்த்தித் தத்தம் வயிற்றை ஒருவருக்கொருவர் காட்டி ஒப்பிட்டுக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் சட்டைகள் கீழிறங்கின. உயரம் பாய்தலிலே முன்னணியில் நின்ற ஒருவன் மட்டும் துணிந்து கேட்டான்: “சேர், ஒரு நாளைக்கு எத்தனை தரம் படுத்தெழும்பினால் சிக்ஸ் பேக் வரும்?”

நான் மருத்துவனல்லன், கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலைகளிலே காலங் கழித்தவன். இளமையில், விளையாட்டாசிரியர் இல்லாத குறையை நிரப்புவதற்காக மாணவர்க்குத் தேகப்பயிற்சியும் சொல்லிக்கொடுத்ததுண்டு. ஆதலால் விடை என் நாவிலே ஆயத்தமாக இருந்தது. இன்று ஐம்பது, அடுத்த மாதம் நூறு என்று சொல்லியிருப்பேன். எனினும் ஏதோ ஒரு தயக்கத்தால், “நாளைக்குச் சொல்கிறேன், தம்பி” என்று கூறி வந்துவிட்டேன். அன்றிரவு தொடங்கி இத்துறை அறிஞர் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் சொல்லவிருந்த விடை பிழையென்பதும், அதே பிழையை முன்னர்ப் பல ஆண்டுகள் மாணவரைக் கொண்டு செய்வித்திருக்கிறேன் என்பதும் தெளிவாயின. அந்தத் தெளிவையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அம்மாணவனின் வினாவிலே இரண்டு பொருள்கள் ஒன்றாக முடிச்சிடப்பட்டிருந்தன. ஒன்று, உடலின் நடுப்பகுதிக்கு வேண்டிய உரம். மற்றொன்று, வயிற்றின்மேற் கட்டுக் கட்டாகத் தோன்றும் கோடுகள். முன்னது விளையாட்டுக்கு இன்றியமையாதது. பின்னது கண்ணுக்கு அழகாகத் தோன்றுவது. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்றும், பின்னது தோன்றினால் முன்னது வந்துவிட்டது என்றும் இளைஞர் எண்ணுகின்றனர். இரண்டும் உண்மையல்ல. அதனினும் மேலாக, பின்னதைத் துரத்துபவன் முன்னதை இழந்துவிடுதலும் உண்டு.

நடுவுடலின் அருமையை நம் முன்னோர் அறிந்தேயிருந்தனர் என்பதற்கு நம் பேச்சே சான்று. ஒரு வேலையில் முழுமனத்தோடு இறங்குபவனை ‘வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறான்’ என்கிறோம். முயற்சி முறிந்தவனை ‘இடுப்பொடிந்து போனான்’ என்கிறோம். முதுகின் அடிப்பகுதிக்கு ‘நாரி’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறோம். நாற்று நட்டவர்க்கும் மூட்டை சுமந்தவர்க்கும் நாரிப்பிடிப்பு இன்னதென விளக்க வேண்டியதில்லை.

இந்த நடுவுடலின் கட்டமைப்பை முதலிற் காண்போம். நாரிப் பகுதியில் முள்ளந்தண்டு என்புகள் ஐந்து உண்டு. மார்புப் பகுதியைச் சுற்றி விலா என்புகள் கூடு கட்டிக் காக்கின்றன; இடுப்புப் பகுதியை அகன்ற இடுப்பென்பு தாங்குகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே இவ்வைந்து என்புகளும் ஒன்றன்மேலொன்றாகத் தனித்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள தசைகளை முற்றாக நீக்கி, என்பையும் இணைநார்களையும் மட்டும் வைத்து ஆய்வுகூடத்திற் சோதித்தபோது, ஏறத்தாழ 90 நியூட்டன் விசையிலேயே, அஃதாவது 9 கிலோகிராம் பாரத்திலேயே, அந்தத் தண்டு வளைந்து சரிந்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஐம்பது கிலோகிராம் நெல் மூட்டையை ஒருவர் சுமக்கின்றாரெனில், அவரைத் தாங்கி நிற்பது என்பு மட்டுமன்று. என்பைச் சூழ்ந்து இழுத்துப் பிடிக்கும் தசைகளுமாம்.

அத்தசைகள் யாவை? முன்புறத்தே, விலாக் கூட்டிலிருந்து இடுப்பென்பு வரை இரண்டு பட்டிகள் போல இறங்குவது நேர்த்தசை. அவ்விரு பட்டிகளுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெண்ணார்க் கோடு உண்டு. பட்டிகளின் குறுக்கேயும் நார்க்கட்டுகள் சில உள. இக்குறுக்குக் கட்டுகள் பிரிக்கும் மேடுகளையே இளைஞர் ‘சிக்ஸ் பேக்’ என்று வழங்குகின்றனர். பெரும்பாலோர்க்குக் குறுக்குக் கட்டுகள் மூன்று. சிலர்க்கு இரண்டு, சிலர்க்கு நான்கு. இடமும் வலமும் ஒரே மட்டத்தில் அமையாமலும் இருக்கலாம். இது பிறவியமைப்பு. எத்தனை ஆயிரம் தரம் படுத்தெழும்பினாலும் நான்கு கட்டுடையவர்க்கு ஆறு கட்டு வாராது.

விலாப்புறங்களில் வெளிச் சாய்தசை, உட் சாய்தசை என்னும் இரண்டு அடுக்குகள், பாய்ப் பின்னல் போல ஒன்றற்கொன்று எதிர்ச்சாய்வாக அமைந்துள்ளன. இவையனைத்துக்கும் உள்ளே, இடுப்பைச் சுற்றிக் கட்டிய அரைக்கச்சை போலக் குறுக்குத்தசை அமைந்துள்ளது. பின்புறத்தே முள்ளந்தண்டின் இரு மருங்கும் நெடுந்தசைகளும், என்புக்கு என்பு தாவும் சிறு தசைகளும் உள. மேலே கூரையாகப் பிரிமென்றகடும், கீழே தளமாக இடுப்புக் கூட்டின் அடித்தசைகளும் உள. கூரை, தளம், நாற்புறச் சுவர் என்னும் இவையாவும் ஒருங்கே இறுகும்போது வயிற்றறையின் உள்ளழுத்தம் உயர்கின்றது. காற்று நிறைந்த சைக்கிள் சில்லு பாரந் தாங்குவதுபோல, அவ்வழுத்தம் நாரிக்கு உறுதி தருகின்றது. இவற்றுள் ஒரு சுவர் தளர்ந்தாலும் முழுமையும் தளரும். குளங்களை நம்பி வாழும் வன்னி மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. குளக்கட்டு எவ்வளவு நீளமாயினும், ஓரிடத்தில் ஒரு முழம் பலவீனப்பட்டால் குளம் அங்கேதான் உடைப்பெடுக்கும். முன்வயிற்றை மட்டும் பயிற்றி, பக்கத்தையும் முதுகையும் மறப்பவன் அத்தகைய கட்டையே கட்டுகின்றான்.

இனி, இத்தசைகளின் தலையாய தொழில் யாது? உடலை மடக்குவதே என்று நாம் எண்ணிவிட்டோம். உண்மையிலே, மடங்காமற் காப்பதே இவற்றின் பெருந்தொழில். வலக்கையில் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கி நடந்து பாருங்கள். உடல் வலப்புறஞ் சரியாதபடி இடப்புறத் தசைகள் இறுகி இழுத்துப் பிடிப்பதை உணர்வீர்கள். அங்கே அசைவு எதுவும் இல்லை. ஆயினும் உழைப்பு உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஹொட்ஜஸ், ரிச்சட்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 1996 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை அழகாகக் காட்டுகின்றது. ஒருவர் தம் கையை விரைந்து உயர்த்த முற்படும்போது, கைத்தசை இயங்குமுன்னரே வயிற்றின் உட்குறுக்குத்தசை இயங்கிவிடுகின்றது என்பதை அவர்கள் மின்பதிவுக் கருவியாற் கண்டனர். நெடுநாள் நாரி நோவுடையோரிடம் அவ்வியக்கம் பிந்தியே நிகழ்ந்தது. கை எழுவதற்கே முதலில் நடு நிலைகொள்ள வேண்டுமாயின், ஈட்டி எறிவதற்கும் கரப்பந்தை அறைவதற்கும் அது எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டிலே பலம் பெரும்பாலும் பாதத்தில் தொடங்குகின்றது. நிலத்தை உதைத்த விசை காலில் ஏறி, இடுப்பைக் கடந்து, தோளையும் கையையும் அடைகின்றது. நடுவே உடல் தொய்ந்தால், வாய்க்காலில் ஓட்டை விழுந்தது போல அவ்விசை வழியிலேயே வீணாகும். நம் நாட்டு நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற அவர், 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளிற் கலந்துகொண்டார். 1958 இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். அது ஏறத்தாழ ஒரு வாசற்கதவின் உயரம். ஓடிவந்த வேகத்தை ஒரு காலை ஊன்றி மேல்நோக்கித் திருப்பும் அக்கணத்தில், பாய்பவரின் அந்தக் கால் அவருடைய நிறையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகின்றது. அக்கணத்தில் இடுப்பு மடங்கினால், மேலே செல்லவேண்டிய விசை மடிப்பிலே கரைந்துபோகும். தடியின் முன் நிற்பவனுக்கு உதவுவது வயிற்றின் கோடன்று. அந்த ஒரு கணத்தில் மடங்காத நடு.

கோலூன்றிப் பாய்தலிலும் இதே உண்மையைக் காணலாம். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து எழுந்து, பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைப் பலமுறை புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரனை நம்மிற் பலர் அறிவர். ஓடிவந்து கோலை ஊன்றி, அதிலே தொங்கியபடி கால்களைத் தலைக்குமேலே வீசி, தலைகீழாக நிமிர்ந்து தடியைத் தாண்டும் அவ்வித்தையில், கையையும் காலையும் ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பது நடுவுடலே.

இத்துணையும் அறிந்தபின், நாம் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கால்களை நேராக நீட்டி மல்லாந்து படுக்கச் செய்து, ஒரு மாணவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் கைகளைத் தலைக்குப் பின்னே கோத்து முழுதும் எழுந்து அமர வேண்டும். நானும் அங்ஙனமே செய்வித்தேன். ஆனால் கால்களைப் பிடித்து எழும்போது, பெரும் பங்கு வேலையைச் செய்வது வயிற்றுத் தசையன்று. தொடையிலிருந்து சென்று நாரி என்புகளிலேயே பற்றியிருக்கும் இடுப்பு மடக்கித் தசையாகும். அது முள்ளந்தண்டைப் பற்றி இழுக்கின்றது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகின் இயக்கத்தை நெடுங்காலம் ஆய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், இவ்வாறு ஒரு தரம் எழும்போது நாரியின்மீது ஏறத்தாழ 3300 நியூட்டன் அமுக்கம் விழுகின்றதெனக் கணித்தார். அது முந்நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தின் அமுக்கம். நூறு தரம் எழும்பினால் நூறு தரம் அது நிகழும். அமெரிக்கத் தரைப்படையும், இரண்டு நிமிடத்தில் எத்தனை தரம் படுத்தெழும்பலாம் என்று 1980 முதல் வைத்திருந்த சோதனையைக் கைவிட்டு, உடலை நேராகத் தாங்கி நிற்கும் நிலையையே 2022 முதல் நடுவுடற் சோதனையாகக் கொண்டது. நூறு எழும்பியவனைக் கைதட்டிப் பாராட்டியவனாகிய நான், நாரி நோகிறது என்ற பிள்ளையிடம் ‘பழகப் பழகச் சரியாகும்’ என்று சொன்னதுண்டு. இன்று அதனை நினைக்க வருந்துகின்றேன்.

அடுத்து, கோடுகளின் செய்திக்கு வருவோம். நேர்த்தசை எல்லோரிடமும் உண்டு. அதன் கட்டுகளும் எல்லோரிடமும் உண்டு. அவற்றை மறைப்பது தோலுக்கும் தசைக்கும் இடையேயுள்ள கொழுப்பு. ஆடவர்க்கு உடலின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கென்னும் அளவுக்குக் கொழுப்புக் குறையும்போதே அக்கோடுகள் தெளிவாகப் புலப்படுகின்றன. ஆதலால், மெலிந்த ஒருவனுக்குப் பலமில்லாமலே கோடுகள் தோன்றலாம். மிகுந்த பலமுடைய குண்டெறி வீரனுக்குக் கோடே தோன்றாமலும் இருக்கலாம்.

வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பைக் கரைக்காதா என்று நேயர்கள் வினவக்கூடும். 1971 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பல்லாண்டு டெனிஸ் ஆடியவர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தனர். மட்டையைப் பிடிக்கும் கை தசை மிகுந்து பருத்திருந்தது. ஆயினும் தோலின் கீழுள்ள கொழுப்பு இரு கைகளிலும் ஒரே அளவினதாகவே இருந்தது. 1984 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 13 ஆடவர் 27 நாட்களில் ஒவ்வொருவரும் 5004 தரம் படுத்தெழும்பினர். வயிற்றிலும் முதுகிலும் பிட்டத்திலும் கொழுப்புக் கலங்களை எடுத்து ஆராய்ந்தபோது, வயிற்றில் மட்டும் தனியாக எக்குறைவும் காணப்படவில்லை. உடல் தன் கொழுப்பைச் செலவிடும்போது, எந்தத் தசை உழைத்தது என்று பார்த்து அந்த இடத்திலிருந்து எடுப்பதில்லை. பொதுக் களஞ்சியத்திலிருந்தே எடுக்கின்றது. எவ்விடத்தில் முதலிற் குறையும் என்பதும் அவரவர் பிறப்பமைப்பைப் பொறுத்தது.

உழைப்பாற் கரையாததைப் பட்டினியாற் கரைக்கலாம் என்று இளைஞர் துணிவது இவ்விடத்திலேதான். 2008 இல் வெளியான ‘வாரணம் ஆயிரம்’ திரைப்படத்திலே நடிகர் சூர்யாவின் தோற்றத்தைக் கண்ட நாள் முதலாக, நம் இளைஞர் பலர்க்கு அத்தோற்றம் ஓர் இலட்சியமாகிவிட்டது. இன்றோ கைத்தொலைபேசியைத் திறந்தால், ‘முப்பது நாளிற் கட்டு’ என்று கூறும் காட்சிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஒரு படப்பிடிப்புக்காகச் சில நாள் உணவையும் நீரையும் குறைத்து, ஒளியமைப்பின் துணையோடு எடுத்த தோற்றத்தை, ஆண்டு முழுவதும் ஓடவும் பாயவும் வேண்டிய பிள்ளை தன் அளவுகோலாகக் கொள்ளலாகாது.

மரநிழலில் என்னிடம் வினவிய மாணவனும் அவ்வழியிலே சென்றுவிட்டான். நான் நூல்களைத் தேடிக்கொண்டிருந்த அந்தச் சில நாட்களில், அவன் காலையுணவை விட்டு, பகலிலும் சோற்றை ஒதுக்கி வந்திருக்கின்றான். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு மாலை, தடியை நோக்கி ஓடிவந்தவன் ஊன்றுமிடத்துக்கு வருமுன்னே தள்ளாடி விழுந்தான். நான் ‘நாளை’ என்றது பிந்திப்போயிற்று. வீட்டுக்குக் கொண்டுசென்றபோது அவனுடைய அம்மம்மா வாசலிலே நின்றார். “அதிபர் ஐயா, அந்த நேரம் முகாமிலே ஒரு பிடி சோற்றுக்கு வரிசையில் நின்றனாங்கள். இன்றைக்குப் பானையிலே சோறு இருக்குது, இவன் தட்டைத் தள்ளி வைக்கிறான்” என்றார்.

அவர் சொன்னது கதையன்று. 2009 இல் போர் முடிவுற்றபோது இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாம்களில் அடைந்திருந்தனர். 2012 இலேயே அம்முகாம் மூடப்பட்டது. பசி இன்னதென அறிந்த தலைமுறையின் கண்முன்னே, அதனை விரும்பி மேற்கொள்ளும் பிள்ளையொன்று வளர்வது எத்துணைப் பெரிய துயரம்!

வளரும் பருவத்தில் உணவு குறைந்தால் நேரும் தீங்குகளை மருத்துவ உலகம் இன்று தெளிவாகக் கூறுகின்றது. உழைப்புக்கு ஏற்ற உணவு கிடையாத விளையாட்டு வீரரின் நிலைமைக்கு, சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் தனிப்பெயரே வழங்கியது. அந்நிலையில் உடல், உள்ளதைக் கொண்டு உயிரைக் காக்க முனைந்து, ஏனைய பணிகளைக் குறைத்துக்கொள்கின்றது. என்பு வலுவிழந்து வெடிப்புறலாம், நோய் எதிர்க்கும் ஆற்றல் குன்றலாம், வளர்ச்சி தடைப்படலாம், தசையே கரையலாம். பெண்பிள்ளைகட்கு மாதவிடாய் ஒழுங்கு தவறலாம், நின்றும்போகலாம். அது களைப்பின் இயல்பென்று விட்டுவிடத்தக்கதன்று. மருத்துவரிடம் செல்லவேண்டிய எச்சரிக்கை. பெண்ணின் உடலுக்கு ஆணினும் மிகுதியான கொழுப்பு இயற்கையாகவே வேண்டும். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து ‘இடுப்புக்கு உரம்’ என்று சொன்ன நம் பாட்டிமார் பிழை சொன்னாரல்லர்.

இனி, செய்யத் தக்கது யாது? விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பாயும், ஒரு தண்ணீர்க் கலனும் போதும். மெக்கில் வகுத்த மூன்று பயிற்சிகளை அடிப்படையாகக் கொள்ளலாம்.

முதலாவது, சிறு தலைநிமிர்த்தல். மல்லாந்து படுத்து, ஒரு காலை நீட்டி, மறுகாலை மடக்கிப் பாதத்தை நிலத்தில் வையுங்கள். நாரியின் இயல்பான வளைவு தட்டையாகிவிடாதபடி இரு கைகளையும் அதன் கீழே வையுங்கள். வயிற்றை இறுக்கி, தலையையும் தோளையும் ஒருங்கே நிலத்திலிருந்து சிறிதளவே உயர்த்தி, 10 செக்கன் வைத்திருந்து இறக்குங்கள். கழுத்து மடங்கலாகாது, மூச்சை அடக்கலாகாது.

இரண்டாவது, பக்கத் தாங்கு நிலை. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளின் நேர்கீழே ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலையிலிருந்து கால் வரை ஒரே கோடாக நில்லுங்கள். புதியவர் முழங்காலை மடக்கி ஊன்றிச் செய்யலாம். பழகியவர் பாதத்தை ஊன்றலாம். பின்னர் மறுபக்கமும் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, எதிர்க் கைகால் நீட்டல். இரு கைகளையும் இரு முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். நாரியின்மேல் ஒரு கோப்பை தண்ணீரை வைத்தாற் சிந்தாத அளவுக்கு முதுகு அசைவற்றிருக்க வேண்டும். பின்னர் இடக்கையும் வலக்காலும்.

ஒவ்வொன்றையும் 10 செக்கன் வீதம் முதல் வட்டத்தில் 6 தரமும், சிறிது ஆறிய பின் 4 தரமும், இறுதியாக 2 தரமும் செய்யலாம். பலம் கூடும்போது ஒரு தரத்தின் நேரத்தை நீட்டாமல், தரங்களின் தொகையைக் கூட்டுவதே நன்று. இவற்றோடு, முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றிக் கவிழ்ந்து நிற்கும் முன் தாங்கு நிலையைச் சேர்க்கலாம். இளைஞர் ‘பிளாங்’ என்பது அதுவே. இடுப்புத் தொய்யத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தொய்ந்தபடி மூன்று நிமிடம் நிற்பதினும், நேராக 10 செக்கன் நிற்பது மேல். ஒருகைச் சுமை நடையும் சிறந்தது. 5 லீற்றர்த் தண்ணீர் நிறைந்த கலனை ஒரு கையில் ஏந்தி, உடல் சரியாமல் முப்பது மீற்றர் நடந்து, கைமாற்றித் திரும்பலாம். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு கால்மணி நேரம் போதும்.

எச்சரிக்கைகள் சிலவும் உள. உறங்கும்போது முள்ளந்தண்டு என்புகளுக்கிடையேயுள்ள மெத்தைத் தட்டுகள் நீரை ஈர்த்துப் பருக்கின்றன. ஆதலின் துயிலெழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முதுகை முற்றாக வளைக்கும் பயிற்சிகளைத் தவிர்த்தல் நன்று. விடியற்காலையிற் பயிற்சி வைக்கும் ஆசிரியர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். நாரி நோவு காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். நடுவுடலை மட்டும் பயிற்றி ஒருவரும் வீரராவதில்லை. ஓட்டமும் பாய்ச்சலும் எறிதலும் வழமைபோல நடைபெற வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, விளையாடும் பிள்ளைக்கு அதன் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 1.2 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிலோகிராம் நிறையுடைய பிள்ளைக்கு அது 60 கிராம். இதற்காக வெளிநாட்டுத் தூளை வாங்க வேண்டியதில்லை. அத்தகைய தூள்களிற் சிலவற்றில் விளையாட்டிலே தடைசெய்யப்பட்ட பொருள்கள் கலந்திருப்பது உலகின் பல பாகங்களிலும் கண்டறியப்பட்டதாகும். வவுனியா மண்ணில் விளையும் உழுந்தின் 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு; ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். குளத்து மீன், பயறு, கௌபி, கச்சான், தயிர் யாவும் நம் கைக்கெட்டுபவை. ஓடுவதற்கு வேண்டிய எரிபொருள் சோற்றிலும் குரக்கனிலும் உண்டு. காலையில் வெறுவயிற்றோடு மைதானத்துக்கு வரும் பிள்ளையைப் பயிற்சிக்கு முன்னே ஒரு வாய் உண்ணச் செய்வதும் பயிற்றுநரின் கடமையே. வெயில் கடுமையான நம் பகுதியில் தண்ணீரையும் மறத்தல் கூடாது.

அம்மாணவனுக்கு நான் கடைசியிற் சொன்ன விடை இதுதான்: “தம்பி, எத்தனை தரம் எழும்புவது என்று எண்ணாதே. எத்தனை செக்கன் சரியாமல் நிற்கிறாய் என்று எண்ணு. கோடு தோன்றினால் தோன்றட்டும். தோன்றாவிட்டால் உன் பாய்ச்சலில் ஓர் அங்குலமும் குறையாது.” அவ்வாண்டுப் போட்டியில் அவன் வெற்றி பெறவில்லை; இழந்த பலம் இரண்டு வாரத்தில் மீள்வதன்று. ஆயினும் பயிற்சியை விடவில்லை. இப்போது மைதானத்துக்குப் பாயொன்றைக் கொண்டுவருகின்றான். மற்றப் பிள்ளைகளின் நாரியில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, சிந்துகின்றதா என்று அவனே பார்க்கின்றான். சென்ற வாரம் அவனுடைய அம்மம்மாவைச் சந்தையிலே கண்டேன். “சாப்பிடுகிறானா?” என்று கேட்டேன். “பானை காணாது, ஐயா” என்று சிரித்தார்.